பழைய ஃபிளிப்பருக்குப் புது விளக்கா?

காசு போட்டு ஆடும் பின்பால் இயந்திரத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் ‘ஃபிளிப்பர்’ என்பார்கள். பிரான்சில் இருந்துவிட்டு வந்த நம் ஊர்க்காரர்களுக்கு அது கஃபே மூலையில் நின்ற நினைவு இருக்கும். எஃகு உருண்டையைத் தட்டிவிடும் சிறு மட்டைகளின் பெயர்தான் அது. 1947-இல் சிகாகோவின் காட்லீப் கம்பெனி தன் ‘ஹம்ப்டி டம்ப்டி’ இயந்திரத்தில் மின்சார மட்டைகளை வைத்தது.

இன்று அவற்றைச் சேகரிப்பவர்களுக்குள் ஒரு வழக்கு: உள்ளேயிருக்கும் குண்டு பல்புகளை எடுத்துவிட்டு எல்இடி போடலாமா? பழைய அழகு போய்விடும் என்கிறது ஒரு கட்சி. ஓரிடத்தில் கட்டாயம் போட வேண்டும் என்பது என் கட்சி.

எதிரே நிமிர்ந்து நிற்கும் கண்ணாடியின் உள்பக்கத்தில்தான் படம் அச்சிட்டிருக்கும். அதன் பின்னால் பல்புகள் எரியும். 44-ஆம் நம்பர் பல்பு 6.3 வோல்ட்டில் கால் ஆம்பியர் இழுக்கும். ஏறக்குறைய ஒன்றரை வாட். அதில் பெரும்பகுதி சூடுதான். வருஷக்கணக்கில் அந்தச் சூடு பட்டால் பெயிண்ட் உரிந்து கொட்டும். பல்பு போனால் வேறு பல்பு. படம் போனால் போனதுதான்.

அதற்காக வெள்ளை வெளேரென்ற எல்இடி வேண்டாம். சிவப்பும் ஆரஞ்சும் அதில் செத்துப்போகும். மஞ்சள் சாயல் உள்ளதாக, துடிக்காததாக, அதே ஹோல்டரில் பொருந்துவதாக வாங்குங்கள். வயரை வெட்டாதீர்கள், நாளை ஒருவர் பழைய பல்பையே திரும்பப் போட நினைக்கலாம்.

உருண்டை ஓடும் பலகையில் மட்டும் குண்டு பல்பே இருக்கட்டும். அது மெல்லத் தணிந்து அணையும். எல்இடி சட்டென்று அணையும். அந்தத் தணிவும் ஆட்டத்தில் சேர்த்திதான்.