படி எங்கே முடிகிறது?

"ஐயா, கொஞ்சம் கையைப் புடிங்க. படி எங்க முடியுதுன்னே தெரியலே!"

அரசு ஆபீஸ் படிக்கட்டுகளில் அடிக்கடி கேட்கும் குரல் இது. பென்ஷன் விஷயமாக வந்த பெரியவர். பட்டா நகல் வாங்க வந்த பாட்டி. பார்வையே இல்லாதவர்கள் அல்ல. பார்வை மங்கியவர்கள். அவ்வளவுதான்.

குற்றம் அவர்கள் கண்ணில் இல்லை. கட்டடத்தில் இருக்கிறது!

சுவர் வெள்ளை. தரை வெள்ளை டைல்ஸ். படியும் வெள்ளை. கதவுக்கும் அதே பெயிண்டு. ஜன்னல் வெளிச்சம் பட்டால் தரை கண்ணாடி போல மின்னுகிறது. படி முடிந்துவிட்டது என்று நினைத்துப் பெரியவர் காலை நீட்டுகிறார். இன்னும் ஒரு படி பாக்கி இருக்கிறது. தடால்! இடுப்பு எலும்பு முறிந்தால், பென்ஷன் வாங்க வந்தவர் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டியதுதான்.

திறப்பு விழா அன்று "பளபளன்னு இருக்கு" என்று பாராட்டிவிட்டுப் போனவர்கள் யாரும் அவரைத் தூக்கிவிட வருவதில்லை.

வித்தியாசம்தான் முக்கியம்

வயது ஏற ஏற கண்ணுக்குள் இருக்கும் லென்சு மஞ்சள் பூக்கிறது. நீலத்தையும் பச்சையையும் பிரித்துப் பார்ப்பது கஷ்டமாகிறது. சிலருக்குப் பிறவியிலேயே சிவப்பும் பச்சையும் ஒன்று போலத் தெரியும். இவர்களிடம் போய், "பச்சைக் கோட்டுல நடங்க, சிவப்புக் கதவுல கேளுங்க" என்றால் எங்கே போவார்கள்?

ஆகவே எந்த நிறம் என்பதல்ல கேள்வி. ஒன்று வெளிறி இருந்தால் பக்கத்தில் உள்ளது அடர்த்தியாக இருக்க வேண்டும். ஒவ்வொரு படியின் விளிம்பிலும் ஒரு பட்டை. சுவரிலிருந்து பிரிந்து தெரியும் கதவு நிலை. கக்கூஸ் சுவரில் தனித்துத் தெரியும் கைப்பிடி. வெள்ளையில் கறுப்பாகப் பெரிய எழுத்தில் அறை எண். மின்னாத தரை. வெள்ளைத் தரை நடுவே கறுப்பு மிதியடி வேண்டாம். மங்கிய கண்ணுக்கு அது பள்ளமாகத் தெரியும்!

இதைச் சோதிக்க நிபுணர் வேண்டாம். செல்போனில் கறுப்பு வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். கதவும் சுவரும் ஒன்றாகக் கலந்துவிட்டால் அந்த பெயிண்டு தேறவில்லை.

கெடு முடிந்தது

ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி 5 ஆண்டுக்குள் மாற்ற வேண்டும் என்கிறது 2016-ம் ஆண்டு சட்டம். அதற்கான விதிகள் 2017 ஜூனில் வந்தன. கெடு 2022 ஜூனோடு முடிந்துவிட்டது. வெறும் யோசனையாகச் சொன்னால் போதாது, கட்டாய விதியாக்க வேண்டும் என்று 2024 நவம்பர் 8-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லிவிட்டது.

லிப்டு வைக்கப் பணம் இல்லை என்று சொல்லலாம். சாய்தளம் கட்ட இடம் இல்லை என்றும் சொல்லலாம். பெயிண்டுக்கு என்ன சாக்கு? எப்படியும் சுவருக்குப் பெயிண்டு அடிக்கத்தான் போகிறார்கள். டப்பாவைத் திறக்கும் முன்பு கொஞ்சம் யோசித்தால் போதும்.

அடுத்த தடவை எஸ்டிமேட் போடும்போது, "படி விளிம்புக்கு வேறு நிறம்" என்று ஒரு வரி சேருங்கள். அதுவரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒரு சின்ன டப்பாவும் ஒரு பிரஷும் இருந்தால் ஞாயிற்றுக்கிழமையே வேலை முடிந்துவிடும். திங்கட்கிழமை வரும் பெரியவர் விழாமல் இறங்கிப் போவார்.

அதிகாரிகள் செய்வார்களா?