வெற்றியுமின்றித் தோல்வியுமின்றி

சதுரங்கப் பந்தயத்தில் ஓர் ஆட்டம் சமமாய் முடிந்ததென்று கேட்டவுடனே, இருவரும் அஞ்சிக் கைகுலுக்கிப் பிரிந்தனர் போலுமென்று நகைப்பார் நம்முள் பலர். இக்கருத்து முற்றும் பொருந்தாதென்பதே எனது துணிபு. அதற்குச் சான்றாக ஓர் ஆட்டத்தை ஈண்டு எடுத்துக்காட்டுவேன்.

1960-ஆம் ஆண்டில், கிழக்கு ஜெர்மனியைச் சார்ந்த லைப்ஸிக் நகரில் சதுரங்க ஒலிம்பியாட் நடைபெற்றது. அதில், அவ்வாண்டே உலகப் பட்டம் எய்திய மிகயீல் தாலை எதிர்த்து, 17 வயதினரான ராபர்ட் பிஷர் வெண்காய்களுடன் அமர்ந்தார். தால் பிரெஞ்சுத் தற்காப்பை மேற்கொண்டார். 1834-இல் தொடங்கிய கடிதவழிப் போட்டியில் லண்டனாரை எதிர்த்துப் பாரிஸார் கையாண்டமையால் அத்தொடக்கம் இப்பெயர் பெற்றது.

தற்காப்பு என்னும் பெயர்கொண்டு இதனை அமைதியானதென எண்ணற்க. தால் கொண்ட வினாவர் முறையில், மூன்றாம் நகர்த்தலிலேயே கருப்பு மந்திரி வெளிப்போந்து வெண்குதிரையைப் பிணிக்கும். 7-ஆம் நகர்த்தலில் பிஷரின் ராணி புறப்பட்டு, கருப்பரசன் பக்கத்துச் சிப்பாய்கள் இரண்டைக் கவர்ந்தது. தாலோ அவற்றிற்கு இரங்காது, அவை நீங்கிய வெளியையே தம் யானைக்கு வழியாக்கினார். அரசர் இருவரும் எதிரெதிர்ப் பக்கங்களிற் கோட்டை புகுந்தனர். பின்னர்க் காய்கள் மளமளவென வெட்டுண்டன. 18-ஆம் நகர்த்தலில் தால் தம் யானையை வெள்ளையரசன் அருகிலேயே பாய்ச்சினார். பிஷர் அதனை உடனே கவராது அரசனை மூலைக்கு ஒதுக்கினார். 21-ஆம் நகர்த்தலில் அவ்யானை வீழ்ந்தது. ஆயினும், தாலின் ராணி ஓயாது செக் கூறும் நிலை எய்தியமையின் ஆட்டம் சமமாயிற்று.

இஃது அச்சத்தாற் பிறந்த சமமோ? இருவரும் அஞ்சாது தாக்க, ஒருவர் வலிமையை மற்றவர் வலிமை நேர்நிறுத்தியமையாற் பிறந்ததன்றோ? 1969-இல் தம் நினைவிற்குரிய 60 ஆட்டங்களை நூலாக்கிய பிஷர், இதனையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்த்தார். வென்றவற்றை மட்டுமே போற்றுபவராயின் அவ்வாறு செய்திரார்.

போராடாமலே சில நகர்த்தல்களில் உடன்பட்டு எழுவாரும் உளர். அவர்க்கு அந்நகைப்புத் தகும். ஆனால், இரண்டிற்கும் ஏட்டில் எழுதப்படுவது அதே அரைப்புள்ளியே. ஆதலின், மாணவ நண்பர்களே, முடிவை மட்டும் நோக்கி ஓர் ஆட்டத்தையோ ஆடியவரையோ எடைபோடாதீர்கள். முதல் நகர்த்தல் தொட்டு ஆடிப்பார்த்துப் பின்னரே தீர்ப்புக் கூறுங்கள்.