சுபாங் ஜெயாவில் வேலை உண்டு. சம்பளச் சீட்டு உண்டா?

நாட்டில் வேலையில்லாதோர் தொகை குறைந்துவிட்டது என்கிறார்கள். கோவிட் காலத்தில், 2020 மே மாதம், 5.3 விழுக்காடு வரை ஏறிய வேலையின்மை, 2025ல் 3 விழுக்காட்டளவுக்கு இறங்கியது. நல்ல செய்திதான். ஆனால் தோட்டத்திலிருக்கும் தாய் தகப்பன்மார் கேட்பது வேறு: "பையன் சுபாங் ஜெயாவுக்குப் போய் மூணு வருஷமாச்சு. மூணு இடம் மாறிட்டான். இதுக்குப் பேரு வேலையா?"

நியாயமான கேள்வி. கணக்கெடுக்கும் வாரத்தில் கூலிக்கு ஒரு மணி நேரம் உழைத்திருந்தாலும் அவரை வேலையுள்ளவர் என்றே புள்ளிவிவர இலாகா எழுதிக்கொள்ளும். உலக நாடுகள் பலவும் இப்படித்தான் கணக்கெடுக்கின்றன. அதில் சூது ஒன்றுமில்லை. ஆனால் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோகும் பிள்ளையும், ராத்திரிக் காவலுக்கு நிற்கும் அண்ணனும், பேங்கில் மாதச் சம்பளம் வாங்குபவரும் அந்தக் கணக்கில் ஆளுக்கொரு தலைதான். நாளைக்கு வேலை போனால் யார் கதி என்ன என்பதை அந்த எண் சொல்லாது. 15 முதல் 24 வயது வரையுள்ள இளையோரில் மட்டும் வேலையின்மை சுமார் 10 விழுக்காடு என்பதும் அதில் மறைந்து நிற்கிறது.

சுபாங் ஜெயா நமக்கு அந்நிய ஊரல்ல. சீபீல்ட் தோட்டத்து மண்ணில் 1976ல் எழும்பத் தொடங்கிய ஊர் அது. 1988 முதல் மிச்சமிருந்த நிலத்தில் யூ.எஸ்.ஜே. வளர்ந்தது. 2020 அக்டோபரில் மாநகர் ஆனது. பால்மரம் போனது, லயம் போனது, கடைத்தெருவும் பேரங்காடியும் வந்தன. தோட்டத்தில் வேலை போனால் வீடும் சேர்ந்து போகும். அந்தக் கொடுமையை நாம் மறக்கவில்லை. ஆனாலும் வேலை இருந்தவரை சங்கம் பேசி வாங்கிய சம்பளம் இருந்தது. பெயர் செக்ரோலில் இருந்தது. பட்டணத்தில் காண்டிராக்டரிடம் நாள்கூலிக்குப் போகும் நம் பிள்ளைகள் பலருடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. இதுதான் நம் கவலை.

1986, 87 மந்தத்தில் வேலையின்மை 7 விழுக்காட்டைத் தாண்டியபோது, வேலை இழந்தவருக்கென்று மாத உதவித்தொகை கிடையாது. இன்று உண்டு. 2018 ஜனவரியில் நடப்புக்கு வந்த வேலைக் காப்புறுதித் திட்டத்தை சொக்சோ நடத்துகிறது. தொழிலாளியிடம் 0.2 விழுக்காடு, முதலாளியிடம் 0.2 விழுக்காடு பிடிப்பார்கள். 1,700 வெள்ளிச் சம்பளத்துக்கு நம் பங்கு மூன்று வெள்ளி சில்லறைதான். ஆட்குறைப்பிலோ கம்பெனி மூடியோ வேலை போனால், முதல் மாதம் சம்பளத்தில் 80 விழுக்காடு, இரண்டாம் மாதம் 50, அடுத்த இரு மாதங்கள் 40, கடைசி இரு மாதங்கள் 30 விழுக்காடு கிடைக்கும். 1,700 வெள்ளிக்காரருக்கு முதல் மாதம் சுமார் 1,360 வெள்ளி. அடுப்பெரிய அது போதும்.

ஆனால் நிபந்தனை உண்டு. முதல் தடவை கேட்பவர், வேலை போகுமுன் 24 மாதத்தில் 12 மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும். வேலை போன 60 நாளுக்குள் மனுச் செய்ய வேண்டும். தானாக ராஜினாமா செய்தவருக்குக் கிடையாது. "சும்மா ஒரு கையெழுத்துப் போடு" என்று ராஜினாமாக் கடிதத்தை நீட்டினால், படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். பதிவில்லாத நாள்கூலிக்கும், சொந்தத் தொழில் செய்பவர் என்று வண்டியோட்டும் பிள்ளைகளுக்கும் இந்தத் தொகை வராது. 3 விழுக்காடு என்று மார்தட்டும் அரசாங்கம் இந்த ஓட்டையைத்தான் முதலில் அடைக்க வேண்டும்.

பெற்றோர்களே, பிள்ளை ஊருக்கு வரும்போது "எவ்வளவு சம்பளம்?" என்று மட்டும் கேட்காதீர்கள். சம்பளச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். சேமநிதி, சொக்சோ, வேலைக் காப்புறுதி மூன்றும் அதில் இருக்கிறதா பாருங்கள். சீட்டே இல்லை என்றால் சங்கத்தாரிடமோ தொழிலாளர் இலாகாவிலோ உடனே சொல்லுங்கள். வேலை போன பிறகு தேடினால் அந்தப் பன்னிரண்டு மாதம் திரும்பி வராது.