எண்ணைச் சொன்னா போதுமா? பூர்வீகம் வேணாமா?

பொங்கலுக்குப் பண்ணைக்காடு போயிருந்தேன். குளிரு, காபித் தோட்டம், ரெண்டு நாளைக்கு ஆணி புடுங்க வேணாம்னு சந்தோஷமா இருந்தா, மாமா பிடிச்சுக்கிட்டார். "மாப்ள, பத்து நாளா நெட்டு வரல. நீதான் நெட்வொர்க் ஆளாச்சே, பாரேன்!"

பிங் போகுது, ஒரு தளமும் திறக்கல. டிஎன்எஸ் தகராறு. பழைய ரூட்டரை மாத்த வந்தவர், அதோட திரையில இருந்த டிஎன்எஸ் முகவரியைப் பார்த்து புதுசுல கையால அடிச்சுட்டுப் போயிட்டார். பழசுல அது டிஹெச்சிபி வழியா தானா வந்த எண். பின்னாடி அந்த சர்வர் மாறிடுச்சு, கையால அடிச்சது மாறல. அழிச்சேன், நெட்டு வந்துடுச்சு.

அவரைத் திட்டாதீங்க மக்களே. திரை எண்ணைச் சொல்லுச்சு, அது எங்கிருந்து வந்ததுன்னு சொல்லல. குத்தம் திரையோடது, அதை எழுதின நம்மளோடது.

வீட்டு ரூட்டரை விடுங்க. பெரிய பெட்டிகளுக்கு 2018 மார்ச்லயே ஆர்எஃப்சி 8342 வழி சொல்லிடுச்சு. இப்போ நடப்புல இருக்கிற ஒவ்வொரு கான்ஃபிகரேஷன் மதிப்புக்கும் ஒரு பூர்வீகம்: நாம எழுதிக் குடுத்தது இன்டென்டட், வேற டைனமிக் கிடங்குல இருந்து வந்தது டைனமிக், பெட்டியே போட்டது சிஸ்டம், டிஹெச்சிபி மாதிரி நெறிமுறையில கத்துக்கிட்டது லேர்ன்ட், யாரும் தராததால வந்தது டிஃபால்ட், தெரியலைன்னா அன்நோன். நெட்கான்ஃப்ல இதைக் கேட்டு வாங்க 2019-ல ஆர்எஃப்சி 8526 வந்துச்சு. ஆனா வித்-ஆரிஜின்னு கேட்டாத்தான் வரும். நம்ம மேனேஜ்மென்ட் மென்பொருள்ல எத்தனை கேக்குது?

"தரவு பெருத்துடும் பாஸ்"னு ஒரு சாக்கு. பெருக்காது. தாய் முனையில போட்டா பிள்ளை முனைக்கும் அதே பூர்வீகம்தான், மாறுற இடத்துல மட்டும் எழுதினா போதும்.

"மதிப்பு சரியா இருக்கே, அப்புறம் என்ன?" இது அடுத்த சாக்கு. இன்னைக்கு சரி. நாளைக்கு அது மாறினா யாரைக் கேக்கணும்? பேக்கப் எடுத்து இன்னொரு பெட்டியில கொட்டும்போது, கத்துக்கிட்டது எல்லாம் கட்டளையா உறைஞ்சு போகுமே! எங்க ஊர்ல மலை வாழைத்தார் வாங்க வர்றவரே எந்தத் தோட்டத்துக் காய்னு கேட்டுட்டுத்தான் விலை பேசுவார்.

பூர்வீகம் தெரியலையா? அன்நோன்னு போடுங்க, அது நேர்மை. ஒண்ணுமே காட்டாம விடுறது ஏமாத்து.

மறுப்பு இருந்தா பின்னூட்டத்துக்கு வாங்க, அடிச்சுக்கலாம். மாமா காபிக்கொட்டை குடுத்திருக்கார், தெம்பாத்தான் இருக்கேன்.