கொழுகொழு கன்னத்தை நம்பலாமா?

குழந்தை ஒல்லியாக இருந்தால் ஊரே கேள்வி கேட்கும். "சாப்பாடு ஏதும் கொடுக்கறியா இல்லையா?" என்று அத்தை கேட்பார், பக்கத்து வீட்டு அக்கா கேட்பார், பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்கூடக் கேட்பார். கன்னம் உப்பிய குழந்தை என்றால் யாரும் கேட்பதில்லை. கன்னத்தில் ஒரு திருஷ்டிப் பொட்டு, அவ்வளவுதான். பசி என்றால் விலா எலும்பு தெரிய வேண்டும் என்பதுதான் நம் மனதில் பதிந்துபோன படம்.

சத்துக்குறைவுக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. அது வீங்கிய முகம். உடம்பில் நீர் கோத்து, முதலில் இரண்டு பாதங்கள், பிறகு கால்கள், கைகள், கடைசியில் முகம் என்று உப்பிக்கொண்டே போகும். முடி மெலிந்து செம்பட்டையாகும். தோல் கறுத்து, காய்ந்த பெயின்ட் போல உரியும். குழந்தை சிரிக்காது, விளையாடாது, தொட்டாலே சிணுங்கும், சாப்பாட்டைத் தள்ளிவிடும். மருத்துவர்கள் இதை 'குவாஷியார்க்கர்' என்பார்கள். உயிருக்கு ஆபத்தான கடும் ஊட்டச்சத்துக் குறைவில் இது ஒரு வகை.

உலகத்தில் எத்தனை குழந்தைகளுக்கு இது இருக்கிறது? இந்த வாரம் இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்வோம். இதற்குச் சரியான எண் கிடையாது. ஏன் கிடையாது என்று பார்த்தால், நம் தெருவுக்கும் அதில் ஒரு பாடம் இருக்கிறது.

நமக்கும் ஒரு சொல் உண்டு

ஜமைக்காவில் பிறந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், இன்றைய கானாவில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்த்தவர். இந்த நோயை 1933-இல் மருத்துவ உலகுக்கு விவரித்தார். அங்குள்ள கா மொழிப் பெண்கள் அதைச் சொன்ன பெயரையே 1935-இல் மருத்துவப் பெயராகவும் ஆக்கினார். அடுத்த குழந்தை பிறக்கும்போது மூத்த குழந்தைக்கு வரும் நோய் என்பது அந்தப் பெயரின் பொருள்.

இதைப் படித்ததும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு ஒரு சொல் ஞாபகம் வரும். சவலை! அடுத்த கரு உண்டாகி, தாய்ப்பால் சீக்கிரமே நின்றுபோய், நலிந்து கிடக்கும் பிள்ளைதான் சவலைப் பிள்ளை. நாம் பார்த்த சவலை பெரும்பாலும் மெலிந்த பிள்ளை. கானாவின் தாய்மார்கள் பார்த்தது வீங்கிய பிள்ளை. ஆனால் இரண்டு ஊர்த் தாய்மார்களும் ஒரே இடத்தைத்தான் சுட்டிக் காட்டினார்கள். பால் மறந்த பிறகு தட்டில் என்ன விழுகிறது என்பதே அந்த இடம். வெறும் கஞ்சித் தண்ணீர், டீயில் தோய்த்த பிஸ்கட் என்று வயிறு மட்டும் நிறைந்துகொண்டிருந்தால், அந்த ஒன்றிரண்டு வருடம்தான் குழந்தைக்குக் கண்டம்.

தராசு ஏமாறுகிறது

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம். யுனிசெஃப், உலக சுகாதார நிறுவனம், உலக வங்கி மூன்றும் சேர்ந்து வெளியிட்ட மதிப்பீட்டின்படி, 2022-இல் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட 4.5 கோடிக் குழந்தைகள் உயரத்துக்கேற்ற எடையின்றி மெலிந்திருந்தார்கள். அவர்களில் 1.36 கோடிப் பேர் மிகக் கடுமையாக மெலிந்தவர்கள். மெலிந்த குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இந்தியாவில்.

இந்தக் கணக்கில் வீங்கிய குழந்தைகள் இல்லை. வீடு வீடாகப் போகும் பெரிய கணக்கெடுப்புகளில் எடை பார்ப்பார்கள், உயரம் அளப்பார்கள்; காலை அழுத்திப் பார்ப்பது பெரும்பாலும் கிடையாது. இன்னொரு சிக்கல், இந்த நோய் வேகமாக வரும். சில வாரங்களில் குழந்தை தேறிவிடும், அல்லது போய்விடும். கணக்கெடுப்பாளர் வருகிற அந்த ஒரு நாளில் அது கண்ணில் படுவது அரிது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல் தராசு. உண்மையில் 7 கிலோ இருக்கும் குழந்தையின் உடம்பில் ஒரு கிலோ நீர் கோத்திருந்தால் தராசு 8 என்றுதான் காட்டும். பதிவேட்டில் அது முன்னேற்றமாக ஏறிவிடும். சிகிச்சை கொடுத்துக் குழந்தை தேறும்போது நீர் வடிந்து முதலில் எடை குறையும். அங்கே எடை குறைவதுதான் முதல் நல்ல செய்தி!

இருக்கிற ஆய்வுகளை வைத்துப் பார்த்தால், மலாவி, காங்கோ போன்ற ஆப்பிரிக்க நாடுகளிலும் ஹைட்டியிலும் இந்த வீக்க வகை அதிகம். நம் தெற்காசியாவில் மெலிவுதான் பெரும்பான்மை. தேசிய ஊட்டச்சத்துக் கண்காணிப்பு அமைப்பு 1972-இல் தொடங்கி, தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களில் திரும்பத் திரும்ப ஆய்வு செய்தது. குவாஷியார்க்கர் மெல்ல மெல்ல அரிதாகிப்போனதை அந்த ஆய்வுகள் காட்டின. அரிதாகிவிட்டதே தவிர, இல்லாமல் போகவில்லை.

சேலத்துக்காரர் கேட்ட கேள்வி

இந்த நோயைப் புரிந்துகொண்டதில் ஒரு தமிழருக்குப் பெரிய பங்கு உண்டு. 1918-இல் சேலத்தில் பிறந்த டாக்டர் சி. கோபாலன். குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தில் பணியாற்றியவர். அந்தக் கூடம்தான் 1958-இல் ஹைதராபாத்துக்கு இடம் மாறி, பின்னாளில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. அதற்கு இயக்குநராகவும் இருந்தார்.

புரதம் குறைந்தால் வீக்கம், மொத்தச் சாப்பாடே குறைந்தால் மெலிவு என்றுதான் அந்தக் காலத்தில் உலகமே நம்பியது. கோபாலன் கிராமத்துக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து, 1968-இல் வேறொன்றைச் சொன்னார். வீங்கிய குழந்தையும் மெலிந்த குழந்தையும் அதற்கு முன் சாப்பிட்ட சாப்பாட்டில் பெரிய வித்தியாசம் இல்லை! பற்றாக்குறைக்கு உடம்பு ஈடுகொடுத்தால் மெலிவு, ஈடுகொடுக்க முடியாமல் போனால் வீக்கம் என்பது அவர் விளக்கம்.

2013-இல் மலாவியில் 317 இரட்டையர் ஜோடிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வும் அந்தப் புதிரையே தொட்டது. ஒரே வீடு, ஒரே தாய், ஒரே சாப்பாடு. ஆனாலும் பல ஜோடிகளில் ஒரு குழந்தை மட்டும் கடும் சத்துக்குறைவில் விழுந்தது. குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் இதில் பங்கு உண்டு என்று அந்த ஆய்வு காட்டியது. தட்டம்மை, விடாத வயிற்றுப்போக்கு போன்றவை குழந்தையை இந்தப் பள்ளத்தில் தள்ளிவிடும். அதனால் தடுப்பூசியும் சுத்தமான குடிநீரும்கூடச் சாப்பாட்டுக் கணக்கில் சேர வேண்டியவைதான். ஒரு டப்பா புரோட்டீன் பவுடர் வாங்கிக் கொடுத்தால் தீருகிற விஷயமில்லை இது.

பதிவேட்டில் இல்லாத பெயர்

சென்னையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற வழியில் இருங்காட்டுக்கோட்டை வரும். சிப்காட் வளாகம், 1998-இல் உற்பத்தி தொடங்கிய ஹூண்டாய் ஆலை, அவற்றுக்கு உதிரி பாகம் செய்யும் கம்பெனிகள். அங்கிருந்து ஒரகடம், சுங்குவார்சத்திரம் வரை ஷிப்ட் பஸ்கள் ஓடிக்கொண்டே இருக்கும். நம் தென்மாவட்டப் பிள்ளைகளோடு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் என்று பல ஊர்க்காரர்கள் அங்கே வேலை செய்கிறார்கள். பலர் தனி ஆள், சிலர் குடும்பத்தோடு. ஒற்றை அறை லைன் வீடு. கான்ட்ராக்ட் முடிந்தால் வீடும் மாறும்.

அங்கே இந்த நோய் பரவிக் கிடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் இப்படி இடம் மாறுகிற குழந்தை எந்தப் பட்டியலிலும் ஒட்டாமல் நழுவிவிடும். பிறந்தது ஒரு மாநிலம், தடுப்பூசி அட்டை பெட்டிக்குள், அம்மாவுக்குத் தமிழ் தெரியாது, அங்கன்வாடி எந்தத் தெருவில் என்றும் தெரியாது. வீங்கிய குழந்தையைத் தராசு தவறவிடுகிறது என்றால், இந்தக் குழந்தையைப் பதிவேடு தவறவிடுகிறது.

தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019–21), தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 14.6 சதவீதம் பேர் மெலிந்தவர்கள், 5.5 சதவீதம் பேர் கடுமையாக மெலிந்தவர்கள். தேசிய அளவில் இது 19.3, 7.7 சதவீதம். நாம் பரவாயில்லை என்று சொல்ல வைத்ததில் அங்கன்வாடிக்கும் சத்துணவுக்கும் பங்கு இருக்கிறது. அந்தக் கதவு வெளியூர்க் குழந்தைக்கும் திறந்ததுதான். ஆறு மாதம் முதல் ஆறு வயது வரை எந்தக் குழந்தையும் சேரலாம். சின்னக் குழந்தைக்குச் சத்துமாவு. இரண்டு வயதுக்கு மேல் மதியச் சாப்பாடு, வாரத்தில் மூன்று முட்டை. குழந்தைக்கு ஆதார் இல்லாவிட்டால் தாயின் ஆதாரை வைத்துப் பதியலாம்.

இதைச் சொல்ல ஒருவர் வேண்டும். லைன் வீட்டை வாடகைக்கு விட்டிருப்பவர், கடனுக்கு அரிசி கொடுக்கும் மளிகைக்கடை அண்ணாச்சி, பக்கத்து போர்ஷன் அக்கா, யாராக இருந்தாலும் சரி. இந்தி தெரியாவிட்டால் என்ன? கையைப் பிடித்து அங்கன்வாடி வாசல் வரை கூட்டிப்போக மொழி எதற்கு?

மூன்று நொடி சோதனை

குழந்தையின் இரண்டு பாதங்களின் மேல்பகுதியையும் கட்டைவிரலால் மெதுவாக அழுத்தி, மூன்று நொடி எண்ணிவிட்டு விரலை எடுங்கள். இரண்டு பாதத்திலும் பள்ளம் அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது. அன்றைக்கே டாக்டரிடம் போக வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கம் என்றால் அடி, புண், கட்டி என்று வேறு காரணம் இருக்கலாம், அதையும் காட்டுங்கள்.

அங்கன்வாடியில் குழந்தையின் மேற்கையைச் சுற்றி அளக்க ஒரு நாடா வைத்திருப்பார்கள். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் உள்ள குழந்தைக்கு அது 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் அபாயம்.

இரண்டு கால் வீக்கமெல்லாம் சத்துக்குறைவு அல்ல. சிறுநீரகம், இதயம், கல்லீரல் கோளாறுகளிலும் வீங்கும். எது என்று டாக்டர்தான் பிரித்துச் சொல்ல முடியும். அதுவரை மூன்று விஷயங்களைச் செய்யாதீர்கள்.

ஒன்று, வீக்கம் வடியட்டும் என்று நீர் மாத்திரை கொடுக்கக் கூடாது. சத்துக்குறைவு வீக்கத்தில் அது ஆபத்து.

இரண்டு, 'தெம்புக்கு ஒரு பாட்டில் ஏத்துங்க' என்று கேட்கக் கூடாது. இந்தக் குழந்தையின் இதயம் அவ்வளவு நீரைத் தாங்காது.

மூன்று, பாவம் என்று ஒரே நாளில் முட்டை, கறி என்று திணிக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் முதலில் கொடுக்கும் சிறப்புப் பாலில்கூட 100 மில்லிக்கு ஒரு கிராமுக்கும் குறைவாகத்தான் புரதம் இருக்கும். சிறிது சிறிதாக, இரவிலும் எழுப்பிக் கொடுப்பார்கள். உடம்பு பழகிய பிறகுதான் வேர்க்கடலை விழுது போன்ற சத்துள்ள உணவுக்கு ஏற்றுவார்கள்.

எங்கே போவது என்று தெரியவில்லையா? 104-க்குப் போன் செய்து கேளுங்கள். அவசரம் என்றால் 108.

உலகத்தில் எத்தனை குழந்தைகளுக்கு இந்த நோய் என்று எண்ணுவது பெரிய நிறுவனங்களின் வேலை. உங்கள் தெருவில் எத்தனை குழந்தைகள், அவர்களில் எத்தனை பேர் அங்கன்வாடிப் பதிவேட்டில் இருக்கிறார்கள் என்று எண்ணுவதை நீங்களே செய்யலாம். விட்டுப்போன பெயர் ஒன்று இருந்தால், அதை இந்த வாரமே சேர்த்துவிடுங்கள்.