கிங்லர் நண்டும் சில நாட்டாமைகளும்

மக்களே, கொஞ்ச நாளா ஒரு ஜல்லி கேட்டுக்கிட்டே இருக்கேன். "ரசிகர்கள் நோண்டி வெச்ச போக்கிமானை விளையாடுறவன் திருட்டுப் பய. அதுலயும் வேணும்னே கஷ்டமாக்கி வெச்சதை உக்காந்து விளையாடுறவன் வேலைவெட்டி இல்லாத திருட்டுப் பய." இப்படித் தீர்ப்பு சொல்ற நாட்டாமைகள்ல பாதிப் பேர் அந்த விளையாட்டைத் தொட்டே பார்த்ததில்லை. மீதிப் பாதி அசலை மட்டும் ஆடிட்டு, அதுக்கு மேல எதுவுமே தேவையில்லைன்னு நினைக்கிறவங்க. ரெண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 1996-ல ஜப்பான்ல கேம்பாய்க்கு வந்த விளையாட்டு. உருவாக்கின சதோஷி தஜிரி, சின்ன வயசுல பூச்சி பிடிச்சுச் சேர்த்த பழக்கத்துலேர்ந்து இந்த யோசனை வந்ததுன்னு சொன்னவர். பொன்வண்டைத் தீப்பெட்டியில போட்டு வளர்த்த நமக்கு இதை விளக்கவே வேணாம். நம்ம பக்கம் 2003-ல கார்ட்டூன் நெட்வொர்க் வழியா வந்தது. கையடக்கக் கருவியில வந்த அசல் விளையாட்டை நம்மூர்ல பார்த்தவங்க ரொம்பக் கம்மி. முக்கால்வாசிப் பேருக்கு அறிமுகம் பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர்ல ஓடின எமுலேட்டர்தான். அப்புறம் அப்பாவோட பழைய ஆண்ட்ராய்டு போன்.

இந்த ஃபயர்ரெட், எமரால்ட் மாதிரி பழைய விளையாட்டுகளை எடுத்து, எதிராளிகளைப் புத்திசாலியாக்கி, அவங்க கூட்டணியைப் பலப்படுத்தி ரசிகர்களே வெளியிடுறதுதான் இங்க பேசுபொருள். டிரேயானோங்கிற புனைபெயர்ல ஒருத்தர் பண்ணின பிளேஸ் பிளாக், ரெனகேட் பிளாட்டினம். ஃபயர்ரெட் மேல கட்டின ரேடிக்கல் ரெட். அப்புறம் கொலைவெறி பிடிச்ச எமரால்ட் கைசோ. கைசோன்னா ஜப்பானிய மொழியில 'மாத்தி அமைக்கிறது'ன்னுதான் அர்த்தம். 2007-ல பிரபலமான ஒரு மரியோ மாற்றுக்கு அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு, அன்னையிலேர்ந்து 'உசுரை வாங்குற கஷ்டம்'னு அர்த்தமே மாறிப் போச்சு.

சரி, மேட்டருக்கு வருவோம்.

"அசலே நல்லாத்தானே இருக்கு, அதை ஏன் கெடுக்கணும்?" இதுதான் முதல் குற்றச்சாட்டு. அசல் நல்லாத்தான் இருக்கு. ஆனா ஓட்டைகளும் இருக்கு. 1996 பதிப்புல கடைசி நால்வர்ல ஒருத்தனான லான்ஸ்கிட்ட டிராகனைட்னு ஒரு பெரிய பறவை-டிராகன். நீங்க விஷ வகை ஒண்ணை எதிர்ல நிறுத்தினா, அது தாக்கவே தாக்காது. 'அஜிலிட்டி'ன்னு தன் வேகத்தை ஏத்திக்கிட்டே நிக்கும். ஏன்னா அந்த நகர்வு மனோசக்தி வகை, மனோசக்தி விஷத்துக்கு எதிரி, அதனால அதைத்தான் போடணும்னு நிரல் முடிவு கட்டுது. அந்த நகர்வு அடிக்கவே அடிக்காதேங்கிற யோசனையே அதுக்குக் கிடையாது. உலகத்தையே மிரட்டுற லான்ஸோட டிராகன், கால்ல வெந்நீர் ஊத்தின மாதிரி குதிச்சுக்கிட்டு நிக்கும். பேய் வகைத் தாக்குதல் மனோசக்திக்காரங்களை அடிக்கும்னு ஒரு பக்கம் சொல்லிட்டு, உள்ள அதோட பலனைச் சைபர்னு போட்டு வெச்சிருந்தாங்க.

இதைவிட எனக்கு ஆத்திரம் வர்றது கிங்லர் விஷயத்துலதான். கடலூர் பக்கம் நண்டு பிடிச்சுப் பார்த்தவங்களுக்குப் புரியும், கொடுக்குன்னா என்னன்னு. கிங்லர்ங்கிற நண்டுக்கு நேரடித் தாக்கும் பலம் 130. யானை பலம். அதோட முத்திரைத் தாக்குதல் 'கிராப்ஹாமர்', கொடுக்கால ஓங்கி ஒரு போடு. ஆனா அந்தக் காலத்து விதிப்படி நீர் வகைத் தாக்குதல் எல்லாமே 'விசேஷம்'. அதுல கிங்லரோட பலம் வெறும் 50. கொடுக்கால அடிக்கிற அடியைக் கொடுக்கோட பலத்தை வெச்சுக் கணக்குப் போடாம, ஏதோ மந்திரம் போடுறதாக் கணக்குப் போட்டாங்க. நெருப்பு வகை ஃபிளேரியானுக்கும் இதே கதி. ஒவ்வொரு நகர்வையும் தனித்தனியாப் பிரிச்சு இதைச் சரிபண்ண 2006-ல டயமண்ட், பேர்ல் வர வேண்டியிருந்தது. பழைய ஃபயர்ரெட்டுக்குள்ள அந்தத் திருத்தத்தைக் கொண்டுபோய் வெச்சது யாரு? சம்பளம் வாங்காத ரசிகர்கள். இதுக்குப் பேரு கெடுக்கிறதா?

ரெண்டாவது, கஷ்டம். இங்கதான் நாட்டாமைகள் மொத்தமாத் தடம் மாறுறாங்க. அசல் விளையாட்டு எளிதுன்னு யார் சொன்னது? எங்க மங்கலம்பேட்டையிலேர்ந்து பாருங்க, அசலைவிடக் கஷ்டமான விளையாட்டு உலகத்துலயே கிடையாது. எல்லா உயிரையும் சேர்க்கணும்னா உங்ககிட்ட இருக்கிற ஒரு பதிப்பு போதாது. சிவப்புல கிடைக்கிறது நீலத்துல கிடைக்காது. ஹாண்டர் ஜெங்காராகணும்னா இன்னொருத்தனோட பண்டமாற்று பண்ணணும். அதுக்கு ரெண்டு கருவி, ரெண்டு விளையாட்டு, நடுவுல ஒரு கேபிள், எதிர்ல உக்கார ஒரு ஃப்ரெண்டு. விருத்தாசலம் போனாலும் அந்தக் கேபிள் கிடைச்சிருக்குமா? ஃபயர்ரெட்டுக்குள்ள டியாக்ஸிஸ் இருக்கிற தீவு முழுசா உள்ளயே இருக்கு. ஆனா போக டிக்கெட் வேணும். அந்த டிக்கெட்டை வெளிநாட்டு நிகழ்ச்சிகள்ல கொடுத்தாங்க. காசு கொடுத்து விளையாட்டு வாங்கினவனுக்கும் அந்தக் கதவு பூட்டுதான்.

இது காசும் ஊரும் கேட்கிற கஷ்டம். ரசிகர் பதிப்புகள் இதைத்தான் முதல்ல தூக்கிப் போட்டாங்க. ரெனகேட் பிளாட்டினத்துல 493 உயிர்களையும் ஒரே விளையாட்டுக்குள்ள, தனியாளாப் பிடிக்கலாம். பண்டமாற்றுல மட்டும் வளர்ந்ததெல்லாம் வேற வழியில வளருது. ரேடிக்கல் ரெட்ல, புல்லுக்குள்ள மணிக்கணக்காச் சுத்தி லெவல் ஏத்துற கூலி வேலையைக் குறைக்கவே தனி வசதி இருக்கு. கூடவே, அடுத்த ஜிம் வரைக்கும் இவ்வளவுதான் லெவல்னு ஒரு வரம்பு. அதாவது உடம்பை வளர்த்து முட்டி ஜெயிக்க முடியாது, யோசிச்சுத்தான் ஜெயிக்கணும். காசு கஷ்டத்தை எடுத்துட்டு மூளைக் கஷ்டத்தை வெச்சிருக்காங்க. ஒரு சின்ன ஊர்ப் பையனுக்கு இதைவிட நியாயமான பேரம் என்ன இருக்கு சொல்லுங்க?

கம்பெனி என்ன பண்ணுச்சு? 2012-ல பிளாக் 2-ல சவால் நிலைன்னு ஒண்ணு வெச்சாங்க. அதைத் திறக்க என்ன பண்ணணும்? விளையாட்டை முழுசா முடிக்கணும்! அதைவிடக் கூத்து, வொயிட் 2-ல எளிய நிலையைத் திறக்கவும் முடிச்சுத்தான் ஆகணும். பரீட்சை எழுதி முடிச்ச அப்புறம் கேள்வித்தாள் கொடுக்கிற மாதிரி. 2019-ல வந்த ஸ்வோர்ட், ஷீல்டுல அனுபவப் புள்ளி எல்லாருக்கும் தானாப் பங்கு பிரியும், நிறுத்தணும்னாலும் முடியாது. 2022-ல ஸ்கார்லெட், வயலட்ல, கொஞ்சம் கஷ்டமா ஆடணும்னு விரும்புறவங்க இத்தனை வருஷமாப் போட்டுக்கிட்டிருந்த 'செட்' தேர்வையே தூக்கிட்டாங்க. ஊட்டி விடுறது தப்பில்லை, சின்னப் பசங்களுக்கு வேணும்தான். ஆனா "நானே பிசைஞ்சு சாப்பிடுறேன்"னு சொல்றவன் கையையும் ஏன் கட்டணும்?

விதியைக் கூட்டிக் கஷ்டமாக்கிக்கிறது நமக்கு என்ன புதுசா? தெரு கிரிக்கெட்ல ஒன் பிட்ச் ஒன் ஹேண்ட் கேட்ச் அவுட்டுன்னு லார்ட்ஸ்லயா எழுதிக் கொடுத்தாங்க? அதை விடுங்க. எங்க பக்கத்து ஊர் விருத்தாசலத்து சாமி மேல பழமலை அந்தாதி பாடின சிவப்பிரகாசர் இருக்காரே, 17-ஆம் நூற்றாண்டு. அவர் திருச்செந்தில் நிரோட்டக யமக அந்தாதின்னு ஒண்ணு பண்ணியிருக்கார். அந்தாதின்னாலே ஒரு பாட்டு முடிஞ்ச இடத்துல அடுத்தது தொடங்கணும். யமகம்னா நாலு அடியும் ஒரே மாதிரி தொடங்கி வேற வேற பொருள் தரணும். நிரோட்டகம்னா உதடு ஒட்டவும் கூடாது, குவியவும் கூடாது. ப, ம, வ கிடையாது, உ, ஒ வரிசைகளும் கிடையாது. முருகன் மேல பாட்டு, ஆனா 'முருகன்'னு சொல்ல முடியாது! ஒரு போட்டிக்காகப் பாடினதுன்னு கதை சொல்வாங்க. ஏற்கெனவே இருந்த அந்தாதியை எடுத்து இவ்வளவு கஷ்டமாக்கினவரை எந்த நாட்டாமையாவது வேலைவெட்டி இல்லாதவர்னு சொல்வாரா?

இப்ப 'திருட்டு'. சட்டப்படி எல்லாம் சுத்தம்னு வாதாட நான் வரலை. 1992-ல கேம் ஜீனி வழக்குல அமெரிக்க நீதிமன்றம் நின்டெண்டோவுக்கு எதிராத் தீர்ப்புச் சொன்னது, 1998-ல டியூக் நியூகெம் வழக்குல ரசிகர் வரைபடங்களை வித்தவங்களுக்கு எதிராப் போச்சு. அங்கேயே இழுபறிதான். ஆனா ஒண்ணு கவனிங்க. ஒழுங்கான ரசிகர்கள் வெளியிடுறது முழு விளையாட்டை இல்லை, அசலுக்கும் மாற்றத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் ஒரு சின்னக் கோப்பா. அசல் உங்ககிட்ட இருந்தாத்தான் அது வேலை செய்யும். ஒரு பைசா வாங்காமத் தர்றாங்க. மூலத்தைத் தராம உரையை மட்டும் அச்சடிச்ச மாதிரி. இப்படி எட்டு வருஷம் உழைச்ச போக்கிமான் பிரிஸத்தை, 2016 டிசம்பர்ல வெளியிட நாள் குறிச்ச பிறகு வக்கீல் நோட்டீஸ் விட்டு நிறுத்தினாங்க. அதே வருஷம் ஆகஸ்ட்ல யுரேனியம். அது மாற்று இல்லை, புதுசாவே கட்டினது, ஒன்பது வருஷ உழைப்பு. சட்டம் அவங்க பக்கம் இருக்கலாம். அதுக்காக நாமளும் கை தட்டணுமா?

கஷ்டமா இருந்தா எல்லாம் உசத்தின்னு சொல்ற இன்னொரு கூட்டத்துக்கும் நான் எதிரிதான். எமரால்ட் கைசோ முடிச்சுட்டேன்னு மார் தட்டுறவங்க, முடிக்காதவனை மனுஷனாவே மதிக்கிறதில்லை. எதிராளி என்ன வெச்சிருக்கான்னு முன்கூட்டியே பட்டியல் படிச்சாத்தான் ஜெயிக்க முடியும்னா அது யோசனை இல்லை, மனப்பாடம். அதான் பள்ளிக்கூடத்துலயே தினம் நடக்குதே. தோத்ததும் "அட, இதை யோசிச்சிருக்கலாமே"ன்னு தோணணும். "இது எனக்கு எப்படித் தெரியும்"னு தோணினா, அந்தக் கஷ்டத்தை வெச்சவன் சோம்பேறி. அந்த வகையில ரெனகேட் பிளாட்டினம் ரொம்ப நாணயம். ரேடிக்கல் ரெட் கடைசிப் பகுதியில கொஞ்சம் ஓவர், ஆனா எளிய நிலையும் கூடவே இருக்கிறதால மன்னிச்சு விட்டாச்சு :-)

தொடங்கணும்னு ஆசைப்படுறவங்க பிளேஸ் பிளாக்ல தொடங்குங்க. கைசோ பக்கம் இப்போதைக்குத் தலை வெச்சுப் படுக்காதீங்க. திட்ட வர்ற நாட்டாமைகள், முதல் ஜிம்மையாவது தாண்டிட்டு வாங்க, பேசுவோம்.