ஓடுதுல்ல, விடு

மென்பொருள் எழுதிப் பிழைக்கும் நம் எல்லோருக்கும் பொதுவான மந்திரம் ஒன்று உண்டு: "ஓடுதுல்ல, விடு." எதற்கென்றே தெரியாத செட்டிங், என்றைக்கோ கைவிட்ட வசதியின் நிரல், "அப்புறம் சரிசெய்யணும்" என்று யாரோ எழுதிவைத்துப் போன குறிப்பு என எதையும் நாம் அகற்றுவதில்லை. அகற்றி ஏதாவது உடைந்தால் நம் பெயர் அடிபடும். விட்டுவைத்தால் யார் பெயரும் வராது.

யாருக்கும் சொந்தமில்லாத நிரல் என்ன செய்யும் என்பதை 2012 ஆகஸ்ட் 1 அன்று நியூயார்க் பங்குச்சந்தை பார்த்தது. நைட் கேப்பிடல் அமெரிக்காவின் பெரிய பங்குத்தரகு நிறுவனங்களில் ஒன்று. அதன் ஆர்டர் அனுப்பும் அமைப்பில் 'பவர் பெக்' என்றொரு வசதி இருந்தது. 2003-லேயே அதைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட்டார்கள். நிரலை மட்டும் அப்படியே விட்டார்கள். ஆர்டர் எவ்வளவு நிறைவேறியது என்று எண்ணி, போதும் என்று நிறுத்தச் சொல்லும் பகுதியை 2005-ல் வேறிடத்துக்கு மாற்றினார்கள். அதன்பின் பவர் பெக்கை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. புழக்கத்தில் இல்லாததை எவர் சோதிப்பார்?

2012-ல் புதிய வசதி ஒன்றுக்கு ஃப்ளாக் தேவைப்பட்டது. பவர் பெக்கை எழுப்பும் பழைய ஃப்ளாக்கையே எடுத்துக்கொண்டார்கள். எட்டு சர்வர்களில் ஏழில் புதிய நிரல் ஏறியது, எட்டாவது விட்டுப்போயிற்று. இன்னொருவர் சரிபார்க்கும் வழக்கமும் அங்கே இல்லை. சந்தை திறந்ததும், ஒன்பது ஆண்டு கிடந்த நிரல் அந்த ஒரு சர்வரில் ஓடத் தொடங்கி, எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் ஆர்டர்களைக் கொட்டியது. பதறிப்போனவர்கள் மற்ற ஏழிலிருந்தும் புதிய நிரலை நீக்கினார்கள். அங்கேயும் பழையது ஓட ஆரம்பித்தது! சுமார் 45 நிமிடங்களில் வந்து விழுந்த ஆர்டர்களால் நட்டம் 46 கோடி டாலருக்கு மேல். மறு ஆண்டே நிறுவனம் வேறொன்றுடன் இணைக்கப்பட்டுவிட்டது.

இதில் என்னை அதிகம் உறுத்துவது நட்டக் கணக்கு அல்ல. சந்தை திறப்பதற்கு முன்பே, பவர் பெக் பெயரைச் சொல்லி 97 மின்னஞ்சல்களை நைட் கேப்பிடலின் உள் அமைப்பு ஒன்று ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தது. யாரும் அவற்றை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர்களைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை உண்டா? அலர்ட் மெயிலெல்லாம் கண்ணில் படாமல் தனி ஃபோல்டருக்குப் போகும்படி ஃபில்டர் போட்டு வைத்திருப்பவர்கள் நாம்.

இத்தனைக்கும் பிறர் எழுதிய நிரலைப் பேணித்தான் நம் தொழிலே வளர்ந்தது. 2000-மாவது ஆண்டுச் சிக்கலுக்காகப் பழைய கோபோல் நிரல்களைத் திருத்திக் கொடுத்த வேலை இந்திய ஐ.டி. துறையைத் தூக்கிவிட்டது. ஆனால் இன்று பழைய மகாபலிபுரம் சாலையில் எந்த அலுவலகத்திலும் சப்போர்ட் ப்ராஜெக்டில் போட்டால் முகம் சுருங்குகிறது. டெவலப்மென்ட் கேட்டு மேனேஜர் முன் நிற்கிறோம். அப்ரைசலில் சேர்த்ததைத்தான் எழுதுகிறோம். தேவையில்லாத ஆயிரம் வரிகளை நீக்கினேன் என்று எழுதத் துணிவதில்லை. அதற்கு மதிப்பெண் போடாத மேனேஜரும் நம்மில் ஒருவர்தானே. பல வருட அறிவை நோட்டீஸ் பீரியடின் கடைசி வாரத்தில் நான்கு கே.டி. கூட்டங்களில் ஒப்படைத்துவிட்டுக் கிளம்புகிறோம்.

கிளையன்ட் இதற்கெல்லாம் காசு தரமாட்டான் என்கிறோம். பாதி உண்மை. நாம் கேட்டதே இல்லை என்பது மீதி.

அடுத்த எஸ்டிமேட்டில் பழையதை அகற்றும் வேலையைத் தனி வரியாகப் போட்டு, அதற்கு மணிக்கணக்கும் எழுதுங்கள். கிளையன்ட் அந்த வரியை அடித்தால் அடிக்கட்டும், அதற்கடுத்த எஸ்டிமேட்டிலும் போடுங்கள். உடைந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். நீக்கியதெல்லாம் கிட் வரலாற்றில் இருக்கிறது, வேண்டுமென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.